எலும்புக்கு எந்தச் சுமை உறைக்கும்? கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்றுவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் நீந்துகிறேன். ஆனாலும் டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்கிறார்கள். ஏன்?

பதில்: நீச்சலை விட்டுவிடாதீர்கள் அம்மா, இதயத்துக்கு அது நல்லது. ஆனால் உங்கள் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால், எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு அழுத்தம் கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேறு வேகமெடுத்திருக்கும்.

ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் 2 முறை, 30 நிமிடம் மட்டும், கனமான எடை தூக்கினார்கள். தொங்கிக் குதித்தும் இறங்கினார்கள். 8 மாதத்தில் அவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கோ குறைந்தது. ஆனால் அந்த எடைப் பயிற்சி முழுக்கப் பயிற்சியாளர் கண்காணிப்பில் நடந்தது. தயவுசெய்து வீட்டில் தனியாகத் தொடங்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சுமை ஏறுவது எலும்புக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள்தான் காவலாளிகள். நுண்ணிய கால்வாய்கள் வழியே அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். குதித்துத் தரையில் இறங்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கால்வாய்த் திரவம் நகர்கிறது. அந்த உரசலைச் செல்கள் உணர்கின்றன. உடனே, எலும்பு கட்டுவதைத் தடுக்கும் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைத்துவிடுகின்றன. அதே புரதத்தை முடக்கும் ரோமோசோசுமாப் என்ற மருந்தே இப்போது இருக்கிறது.

திரவம் நகர்ந்தால்தான் சேதி போகும் என்பதால், அசையாமல் அழுத்திக்கொண்டிருக்கும் சுமைக்குப் பெரிய பலன் இல்லை. ரூபின், லேனியன் என்ற ஆய்வாளர்கள் 1984ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்றும் வியப்புத்தான். பறவையின் இறக்கை எலும்பில் நாளுக்கு வெறும் 36 முறை சுமை ஏற்றினார்கள், எலும்பு வளர்ந்தது. 1800 முறை ஏற்றியும் அதற்கு மேல் கூடவில்லை! செல்கள் சீக்கிரமே மரத்துப்போகின்றன, சில மணி நேர ஓய்வுக்குப் பிறகுதான் மீண்டும் கேட்கத் தொடங்கும். அதனால் ஒரே மூச்சில் நூறு குதி குதிப்பதைவிடக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரிப்பது மேல்.

கேள்வி: போலீஸ் தேர்வுக்காகத் திடீரென்று தினமும் ஓடத் தொடங்கினேன். முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி. வலியோடு ஓடினால் பழகிவிடுமா?

பதில்: பழகாது தம்பி, ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய பகுதியைக் குடைந்து எடுக்கும். அதற்குச் சில வாரங்கள். நிரப்பவோ மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் பலவீனம். அதன்மேல் தினமும் ஓடினால் நுண்விரிசல் முறிவாகலாம். விரலால் அழுத்தினால் ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலிருக்கலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். தேர்வு அடுத்த முறையும் வரும்.

கேள்வி: 10 வயது மகள் டென்னிஸ் ஆடுகிறாள். எலும்பு வளர்ச்சி கெடுமா?

பதில்: கெடாது, இதுதான் சரியான வயது. 1977ல் தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் மேற்கை எலும்பை அளந்தபோது, ஆடும் கையின் எலும்புச் சுவர் மறு கையைவிட ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 28 சதவீதம் தடித்திருந்தது. பூப்பெய்துவதற்கு முன்பே ஆடத் தொடங்கிய பெண்களுக்குப் பலன் இன்னும் அதிகம். வயிறார சாப்பிடக் கொடுங்கள். ஓய்வு நாளும் வேண்டும்.

கேள்வி: முறிந்த தொடை எலும்பில் வைத்திருந்த உலோகப் பிளேட்டை எடுத்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள், பிறகு ஏன் ஊன்றுகோல்?

பதில்: இதுவரை சுமையில் பெரும்பங்கைப் பிளேட் வாங்கிக்கொண்டது, அதனடியில் எலும்பு மெலிந்திருக்கலாம். ஸ்குரூ இருந்த ஓட்டைகளும் உடனே மூடாது. டாக்டர் சொன்ன காலம் வரை ஊன்றுகோலோடு கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஏற்றுங்கள்.