இழுக்கும் சரி, நிற்குமா?

மாங்காய்க் காலம் வந்தால் போதும், டிரெய்லர் கேள்விகள் வரிசை கட்டிவிடும்.

என்னுடைய டீசல் கார் எதையும் இழுக்கும். டிரெய்லரில் 40 கிரேடு (பெட்டி) மாங்காய் ஏற்றிச் சேலம் போகலாமா? (போச்சம்பள்ளி வாசகர்)

கணக்குப் போடுவோம். ஒரு கிரேடில் காய் 20 கிலோ, பெட்டி 2 கிலோ என்றால் 40 கிரேடு 880 கிலோ. வெறும் டிரெய்லர் 350 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,230. சரக்கை எண்ணுகிறவர்கள் டிரெய்லரை எண்ண மறந்துவிடுகிறார்கள். சந்தேகமிருந்தால் எடை மேடையில் ஏற்றிவிடுங்கள்.

அடுத்து காரின் கையேட்டைப் பாருங்கள். டிரெய்லரே கூடாது என்று இருந்தால் பேச்சு முடிந்தது. அனுமதி இருந்தால் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எடை, இல்லாததற்கு அதைவிடக் குறைவான எடை என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குச் சரக்கோடு சேர்த்து 750 கிலோதான் எல்லை. காரின் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியைப் பற்றவைத்துக் கொடுத்தவர் சொல்லும் எண் எல்லையாகாது.

சேலம் வழியில் நீங்கள் இறங்க வேண்டியது தொப்பூர் கணவாயின் மலைச்சரிவு. இழுக்கும் பலம் அங்கே உதவாது. 40 கி.மீ. வேகத்தைவிட 60 கி.மீ. வேகத்தில் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. சூடேறிப் பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். அந்த இறக்கத்தில் எரிந்த பிரேக் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் சரக்குக்கு வாடகை மினி லாரிதான் சரி.

400 கிலோதான் ஏற்றுகிறேன். 60 கி.மீ. தாண்டினால் டிரெய்லர் வால் ஆட்டுகிறது. (காரிமங்கலம்)

பாரம் பின்னால் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் முன்கழுத்தைக் கொக்கி உயரத்தில் அதன்மேல் வையுங்கள், எண் தெரிந்துவிடும். கையேடு சொல்லும் கொக்கிச் சுமையை அது மீறவும் கூடாது. ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள். திடீரென்று பிரேக் அடித்தால் டிரெய்லர் முன்னால் வந்து எட்டிப் பார்க்கும்.

தோட்டத்துக்கு 1,000 லிட்டர் தொட்டியில் தண்ணீர்? பாதிதான் நிரப்புவேன். (பென்னாகரம்)

வேண்டாம். பாதித் தொட்டியில் தண்ணீர் அலைமோதும். வளைவில் ஒரே பக்கம் சாயும்.

நின்றுபோன காரைக் கயிறு கட்டிக் கிருஷ்ணகிரிவரை இழுக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

மெதுவாக, 25 கி.மீ. வேகத்துக்குள். இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பின்வண்டியின் சாவியைத் திருப்பியே வையுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இறுகும். பலமாக மிதிக்கத் தெரிந்தவரை உட்கார வையுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, மேலே ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியை அழையுங்கள்.