போனிலிருந்து போனுக்கு: யார் கொடுப்பது, யார் வாங்குவது?

கேள்வி: பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போயிருந்தோம். பாதி வழியில் மகன் போனில் 4 சதவீதம்தான் மிச்சம், என்னுடையதில் 62. பையில் இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிள் இருந்தது, இரண்டு போனையும் இணைத்தேன். பார்த்தால் அவன் போனிலிருந்து என் போனுக்குச் சார்ஜ் ஏறுகிறது! கேபிளை முனை மாற்றிச் செருகியும் பார்த்துவிட்டேன். ஏன் இப்படி? (வேலூர் வாசகி)

பதில்: ஏழையிடம் பிடுங்கிப் பணக்காரரிடம் கொடுத்திருக்கிறது! கேபிள் மேல் தப்பில்லை. அதில் கொடுக்கும் முனை, வாங்கும் முனை என்று எதுவும் கிடையாது, இருபது முறை மாற்றிச் செருகினாலும் அது எதையும் தீர்மானிக்காது. இன்றைய டைப்-சி போன்களில் பெரும்பாலானவை மின்சாரத்தை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். ஒன்றும் செருகாமல் சும்மா இருக்கும்போது அந்தச் சின்ன ஓட்டை 'நான் கொடுக்கிறவன்', 'நான் வாங்குகிறவன்' என்று நொடிக்குப் பல முறை வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு போன் வந்து சேரும் கணத்தில் எது எந்த வேஷத்தில் அகப்பட்டதோ அதுவே நிலைத்துவிடும். யாரிடம் 4 இருக்கிறது, யாரிடம் 62 இருக்கிறது என்று பல போன்கள் பார்ப்பதே இல்லை.

சரி, திருத்துவது எப்படி? ஆண்ட்ராய்டு என்றால் செருகியதும் திரையை மேலிருந்து இழுங்கள். சார்ஜ் ஆகிறது என்று சொல்லும் யூஎஸ்பி அறிவிப்பு ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் 'இணைத்த சாதனத்தைச் சார்ஜ் செய்' என்கிற மாதிரி ஒரு தேர்வு வரும் (வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). உங்கள் போனில் அதைத் தொட்டிருந்தால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே திசை மாறியிருக்கும். அது கண்ணில் படவில்லையா, மகன் போனை அணைத்துவிட்டுச் செருகுங்கள். அணைந்து கிடக்கும் போன் பொதுவாக வாங்கத்தான் செய்யும், கொடுக்காது. அணைத்து வைத்தால் சீக்கிரமும் ஏறும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பென் டிரைவ் மாட்டுவதற்காக வாங்கும் ஓடிஜி அடாப்டர், கட்டைவிரல் அளவுகூட இருக்காது. அதைக் கொடுக்கிற போனில் செருகி, அதன் மறுபக்கத்தில் சாதாரண சார்ஜர் கேபிளின் தட்டை முனையை மாட்டி, டைப்-சி முனையை வாங்குகிற போனில் செருகுங்கள். அடாப்டர் மாட்டிய போன்தான் கொடுக்கும், இதில் குழப்பமே வராது, ஏனென்றால் அடாப்டருக்குள் இருக்கும் ஒரு குட்டி ரெசிஸ்டர்தான் 'நீ கொடு' என்று போனுக்குச் சொல்கிறது. ஓப்போ, ரியல்மீ போன்ற சில போன்களில் செட்டிங்ஸுக்குள் போய் ஓடிஜியை ஆன் செய்ய வேண்டியிருக்கும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாக ஆஃப் ஆகிவிடும். அப்புறம், நடந்துகொண்டே செய்யாதீர்கள். கேபிள் ஆடி ஒரு நொடி விட்டுப்போனாலும், நேரடி டைப்-சி இணைப்பில் திசைச் சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: இப்படி ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறும்? (மதுரை)

பதில்: ரொம்ப ஆசைப்படாதீர்கள். பழைய யூஎஸ்பி 2.0 கணக்கில் 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக 2.5 வாட். ஐபோன் 15 இன்னொரு கருவிக்கு 4.5 வாட் வரை கொடுக்கும். 5,000 எம்ஏஎச் பேட்டரி ஏறக்குறைய 19 வாட்-அவர், அதாவது 19 வாட்டில் ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு மின்சாரம். 2.5 வாட்டில் ஒரு மணி நேரம் ஏற்றினால், வழியில் சூடாகிப் போகும் நஷ்டம் கழித்து 10 சதவீதம் ஏறினாலே பெரிய விஷயம். கொடுக்கும் போனிலோ அதைவிடக் கூடுதலாகக் குறையும், பேட்டரியின் 3.8 வோல்ட் சொச்சத்தை 5 வோல்ட்டாக ஏற்றி, அந்தப் பக்கம் மறுபடி இறக்குகிறார்கள், இரண்டு இடத்திலும் கசிவு. ஒரு போன் பேச, ஆட்டோ பிடிக்க, பணம் அனுப்ப இது போதும். படம் பார்க்க ஆகாது. பார்த்துக்கொண்டே ஏற்றினால் ஏறுகிற வேகத்தில் திரை தின்றுவிடும்.

கேள்வி: மைக்ரோ யூஎஸ்பி உள்ள பழைய போனிலிருந்து கொடுக்க முடியுமா? (சிவகாசி)

பதில்: ஓடிஜி வசதி இருந்தால் முடியும். மைக்ரோ யூஎஸ்பியில் ஐந்து பின், அதில் ஐடி என்கிற பின்னை ஓடிஜி கேபிள் கிரவுண்ட் பின்னோடு (மின்சுற்றின் எதிர்முனை) இணைத்துவிடும், அதைக் கண்டதும் போன் மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். சாதாரண சார்ஜர் கேபிளில் அந்த இணைப்பு இல்லை, அதனால் ஓடிஜி கேபிள் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: தெரியாதவர் போனில் என் போனை மாட்டினால் போட்டோவெல்லாம் போய்விடுமா? (நெய்வேலி வாசகர்)

பதில்: மாட்டியவுடன் போகாது, நீங்கள் 'அனுமதி' கொடுத்தால்தான் போகும். உங்கள் போனைப் பூட்டிவிட்டு மாட்டுங்கள், 'இந்தச் சாதனத்தை நம்பலாமா' என்றோ கோப்புப் பரிமாற்றம் என்றோ கேட்டால் வேண்டாம் என்று தள்ளிவிடுங்கள். இன்னும் சந்தேகமாக இருந்தால் டேட்டா கம்பியே இல்லாத, சார்ஜுக்கு மட்டுமான கேபிள்கள் கடையில் கிடைக்கின்றன. சில மலிவுச் சாதனங்களோடு இலவசமாக வரும் மட்டமான கேபிள்களிலும் அந்த ரகம் உண்டு.