வாய்க்கோணல் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது, இனி பயமில்லையா?

அப்பாவுக்கு வாய் கோணிப் பேச்சு குழறி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த சிறு ரத்தக்கட்டி தானாகக் கரைந்திருக்கலாம். இதை மினி ஸ்ட்ரோக் என்பார்கள். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். ஆள் நன்றாக நடமாடுவதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

மறுபடி வந்தால் சிரிக்க, இரு கைகளையும் தூக்க, ஒரு வாக்கியம் பேசச் சொல்லிப் பாருங்கள். ஒன்று பிசகினாலும் 108தான். திடீரெனப் பார்வை மங்குவதும் தள்ளாடுவதும்கூட அறிகுறிகளே. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்புறம், நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம், சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.