போனில் இருக்கும் காம்பஸ் உண்மையிலேயே யாருக்காவது பயன்படுகிறதா?

நான் தினமும் பயன்படுத்துகிறேன். கேட்டவர், ‘மேப் இருக்கும்போது காம்பஸ் எதற்கு, புதுப் போனில் அது இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்’ என்கிறார். அநேகமாக நீங்கள் பெரிய நகரத்தில் இருப்பீர்கள். அங்கே லெஃப்ட், ரைட் என்று சொன்னாலே போய்ச் சேர்ந்துவிடலாம். எங்கள் பக்கம் அப்படி இல்லை.

காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டார ஊர்களில் வீட்டு மாடியில் சோலார் பேனல் மாட்டுகிற வேலை எனக்கு. வீட்டுக்கு வழி கேட்டால், ‘ஊரணிக்கு வடகரையில ரெண்டாவது வீதி, கிழக்கு பார்த்த வாசல், மேக்கால வந்துறாதீக, அது பின்கட்டு’ என்றுதான் சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு ஒரு வீதியில் இருக்கும், பின்வாசல் அடுத்த வீதியில் இருக்கும். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு நீண்டு போகும். வீதிகளும் கட்டம் போட்ட மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். தப்பான வீதியில் வண்டியைத் திருப்பிவிட்டால் பூட்டிக் கிடக்கும் பின்கதவு முன்னால்தான் போய் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் புது ஊரில் இறங்கினால் சூரியனைப் பார்த்தும் கிழக்கு எது என்று சொல்ல முடியாது. மேப்பில் தெரிகிற நீலப் புள்ளி நாம் நிற்கும் இடத்தை மட்டும்தான் சொல்லும், நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று சொல்வது காம்பஸ்தான். அது இல்லாத போனில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தால்தான் சரியான பக்கம் போகிறோமா என்று தெரியும்.

இதை ஒரு வருடம் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். ஒரு கடையில் போன் வாங்கும்போது காம்பஸ் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டேன். ‘ஆப் போட்டுக்கலாம் அண்ணே’ என்றார் அந்தத் தம்பி. நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆப்பைப் போட்டால் சென்சாரே இல்லை என்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் ஒரு சின்ன சில்லு போனுக்குள்ளே இருந்தால்தான் காம்பஸ் வேலை செய்யும், எந்த ஆப்பும் அதை உண்டாக்க முடியாது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இதை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது.

சரி, காம்பஸ் இருக்கிற போனே ஒரு முறை எங்களை ஏமாற்றப் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தை மாதம், பழைய வீடு ஒன்றில் 3 கிலோவாட், ஆறு பேனல். சுண்ணாம்புத் தளம் போட்ட மாடி என்பதால் ஓட்டை போடக் கூடாது. கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன்மேல்தான் இரும்புச் சட்டத்தை நிறுத்த வேண்டும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில் இருக்கிறது, அதனால் பேனலைத் தெற்கு பார்த்துப் பத்து டிகிரி போலச் சாய்த்து வைப்போம். என்னோடு வந்த பையன் போனைத் தளத்தில் வைத்து, அது காட்டிய தெற்கை சாக்பீஸால் கோடு போட்டான். நானும் சரிபார்க்காமல் கட்டைகளை அடுக்கச் சொல்லிவிட்டேன்.

வீட்டு ஆச்சிக்கு எண்பது வயது இருக்கும். மாடிப்படியில் மெதுவாக ஏறி வந்தவர், கைப்பிடிச் சுவரையும் எங்கள் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

‘ஏந் தம்பி, கோணலா வைக்கிறீக?’

‘தெற்கு இதுதான் ஆச்சி, போன்ல பார்த்துத்தான் வைக்கிறோம்.’

‘எங்க ஐயா நெழல் பிடிச்சுக் கட்டுன வீடு இது. இந்தச் சுவரு நேரா கிழமேக்கா ஓடுது. உங்க போன்தான் திரும்பியிருக்கு.’

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்ன தோரணையில் ஒரு உறுதி இருந்தது. நிழல் பிடிப்பது என்றால் என்ன என்று கேட்டேன். முளைக்குச்சி நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். குச்சியின் நிழல் நுனி முற்பகலில் வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குறி, பிற்பகலில் தொடும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டையும் சேர்த்துக் கயிறு பிடித்தால் அதுதான் கிழமேற்கு. படித்த படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

போனைக் கையில் எடுத்தேன். தளத்தை விட்டு நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியதும் முள் திரும்ப ஆரம்பித்தது. மறுபடி கீழே வைத்தேன், பழையபடி ஓடியது. அந்த ஆப்பில் காந்தப்புலத்தின் அளவும் தெரியும். நம் பக்கம் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கும், தளத்தில் வைத்தால் அது எழுபதைத் தாண்டியது. கீழே போய்ப் பார்த்தால் அந்த அறையின் கூரையைத் தாங்குவது இரும்பு உத்தரம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் பர்மா தேக்கோடு சீமையிலிருந்து வந்த இரும்பும் உண்டு, அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அப்படியும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

தூக்குக்குண்டை ஒரு கம்பில் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்தோம். கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு இங்கே உச்சி கிடையாது, தை மாதக் கடைசியில் கிட்டத்தட்ட பன்னிரண்டரை ஆகும். அந்த நேரத்தில் நூலின் நிழல் தளத்தில் விழுந்த கோட்டை அப்படியே சாக்பீஸால் வரைந்தேன். கிழமேற்காக ஓடிய கைப்பிடிச் சுவருக்கு அது மூலைமட்டம் வைத்த மாதிரி செங்குத்தாக இருந்தது. நெஞ்சு உயரத்தில் பிடித்த போனும் அதையே காட்டியது, ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம்தான். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் நம் பக்கம் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். ஆச்சி ஒன்றும் பேசவில்லை, எல்லாருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, பத்து டிகிரி சாய்வில் கொஞ்சம் திரும்பியிருந்தால் மின்சாரம் பெரிதாகக் குறையாதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். உண்மைதான், குறையாது. ஆனால் வரிசை சுவருக்குக் கோணலாகப் போனால் துடைக்கக் கால் வைக்க இடம் இருக்காது, கடைசிப் பேனல் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் போய்விடும். தவிர, நூறு வருடம் முன்னால் நிழல் பார்த்து நேராகக் கட்டிய வீட்டின் தலையில் கோணலாக ஒன்றை வைத்துவிட்டு வர எனக்கு மனம் வராது. அப்படியென்றால் காம்பஸை நம்பவே முடியாதே என்றும் கேட்காதீர்கள். அது பொய் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த இரும்பையும் சேர்த்து அளந்தது, அவ்வளவுதான். எங்கே வைத்துப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தால் போதும். மூடியில் காந்தம் வைத்த கவரைக் கழற்றிவிடுங்கள், கார், பைக், இரும்புக் கதவு பக்கத்தில் பார்க்காதீர்கள், முள் தடுமாறினால் போனை எட்டுப் போடுவது போல நாலைந்து முறை சுழற்றுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே வீதியில் இரண்டு வீடுகளை இடித்துவிட்டார்கள். தூணும் நிலைக்கதவும் லாரியில் ஏறிப் போய்விட்டன, மிஞ்சிய மேட்டில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊர், பராமரிக்க முடியவில்லை என்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் விற்கும்போது மரத்துக்கும் இரும்புக்கும்தான் விலை பேசுகிறார்கள், அந்த வீட்டை அவ்வளவு நேராக நிறுத்தின கொத்தனாரின் கணக்கை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் எழுதியிருப்பதையோ கடைக்காரர் வாய்ச்சொல்லையோ நம்ப வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் போனை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே, இரும்பு ஷட்டரை விட்டுத் தள்ளி வந்து நில்லுங்கள். காம்பஸைத் திறந்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நீங்கள் எவ்வளவு திரும்பினாலும் வடக்கு முள் ஒரே திக்கைக் காட்டினால் வாங்குங்கள்.