காரோடு வந்த ஸ்டீரியோவில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட்டை (போனைக் கையில் எடுக்காமல் பேச உதவும் கருவியை) இணைக்க வயர்களை வெட்ட வேண்டுமா?

வெட்டத் தேவையில்லை. ஸ்டீரியோவின் பின்புற சாக்கெட்டுக்கும் காரின் வயரிங்குக்கும் இடையே செருகக்கூடிய, அந்தக் கார் மாடலுக்குரிய இணைப்பு வயர்த் தொகுதியை வாங்கிக்கொண்டால், நாளை கிட்டைக் கழற்றினாலும் எல்லாம் பழையபடியே இருக்கும்.

கிட்டின் வயர்களில் ஒன்று நிரந்தர 12 வோல்ட்டுக்கும், இன்னொன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட்டுக்கும், கறுப்பு வயர் எர்த்துக்கும் உரியவை; முதல் இரண்டின் வண்ணம் கிட்டுக்குக் கிட்டு மாறும். ஸ்டீரியோவுக்கான பொதுத்தர ஐஎஸ்ஓ சாக்கெட்டின் 'ஏ' பகுதியில் இவை முறையே 4, 7, 8ஆம் பின்களில் வரும் என்றாலும், சில கார்களில் 4உம் 7உம் இடம் மாறியிருப்பதால், வண்ணத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் (வோல்ட் அளக்கும் கருவியால்) அளந்து பார்ப்பதே சரி. சாவியை எடுத்த பிறகும் இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால், கிட் எந்நேரமும் விழித்திருந்து பேட்டரியைத் தீர்த்துவிடும்.

அழைப்பு வரும்போது பாட்டு நிற்பதற்கு மியூட் வயர் காரணம். கிட் அதனை எர்த்துடன் இணைத்ததும் ஸ்டீரியோ மௌனமாகிவிடும். அந்த வசதி இல்லாத ஸ்டீரியோவானால், ஸ்பீக்கர் வயர்களையே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் கிட் வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, ஸ்பீக்கரின் மைனஸ் வயரை எர்த்தில் சேர்ப்பது. இன்றைய ஸ்டீரியோக்களில் அந்த வயரிலும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு ஓடுவதால், ஆம்ப்ளிஃபயரே கெட்டுப்போகக்கூடும்.

மைக்கை ஏசி காற்று படாத இடத்தில், முன்கண்ணாடித் தூணின் மேற்பகுதியில் பொருத்துங்கள். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். சில ஸ்டீரியோக்கள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் மறுபடி திருட்டுத் தடுப்புக் கோட் கேட்கும் என்பதால் அதை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.