நிலவின் பள்ளம் மேடாகத் தெரிகிறதா? படத்தைத் திருப்புங்கள்

கேள்வி: நிலவைச் சுற்றிவரும் கலங்கள் எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. பல பள்ளங்கள் கொப்புளம் போல மேலெழுந்து தெரிகின்றன. அதே பள்ளம் ஒரு படத்தில் கிணறாகவும் இன்னொன்றில் வெறும் வெள்ளை வட்டமாகவும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்பது மூளைக்கு ஊறிப்போன பழக்கம். நிலவின் வடபாதியில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து வருகிறது. வடக்கை மேலே வைத்து வெளியிடும் படத்தில் அது கீழிருந்து அடிக்கும் ஒளியாகிவிடும். உடனே குழி குன்றாகிவிடுகிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். பெரும்பாலும் அந்த நொடியே பள்ளம் உள்ளே இறங்கிவிடும். இத்தனை ஆண்டுகள் பார்த்த பிறகும் நானும் சில படங்களைத் திருப்பித்தான் பார்க்கிறேன்.

திருப்ப மனமில்லை என்றால் முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள். சிதறிக் கிடக்கும் பாறைகள் இதற்கு நல்ல சாட்சி. பாறையின் நிழல் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும். பள்ளத்தில் கதை வேறு: சூரியன் இருக்கும் பக்கத்து உள்சுவர் இருண்டிருக்கும், எதிர்ச்சுவர் பளிச்சிடும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் பிறகு ஏமாற வாய்ப்பு குறைவு.

இனி அந்த வெள்ளை வட்டம். காலைச் சூரியன் தாழ்ந்திருக்கும்போது விளிம்பின் நிழல் நீண்டு விழுவதால் ஆழம் தெரிகிறது. சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும் உச்சி வெயிலில் நிழல் அநேகமாக இல்லை. அப்போது தெரிவது உருவம் அல்ல, மண்ணின் நிற வேறுபாடு. டைக்கோ போன்ற இளம் பள்ளங்களிலிருந்து ஓடும் வெண்கதிர்களைப் பார்க்க உச்சி வெயில் படம்தான் வேண்டும். ஆக இரண்டு படங்களும் உண்மையே. கேட்கும் கேள்விதான் வேறு. தரையில் ஓரிடம் விடியலிலிருந்து நண்பகலுக்கு வர ஏழு நாளுக்கு மேல் ஆகும். சுற்றுப்பாதையில் இருப்பவரோ விடியல் பகுதியிலிருந்து நண்பகல் பகுதிக்கு அரை மணி நேரத்தில் போய்விடுவார். சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நொடிக்கு ஒன்றரை கி.மீ.க்கு மேல் தரை நகர்கிறது. 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம் ஒரு நிமிடத்தில் கடந்துபோய்விடும். 1968 டிசம்பரில் அப்போலோ 8 வீரர்கள் பார்த்தது இப்படி ஓடும் நிலவைத்தான்.

ஆழத்தை நீங்களே கணக்கிடலாம். 2009இல் ஏவப்பட்ட, நிலவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலத்தின் படக்குறிப்பில் ஒளி விழும் கோணம் இருக்கும். அதைச் சூரியனின் உயரம் என்று நினைத்துப் பலர் தவறுகிறார்கள். அது செங்குத்திலிருந்து அளந்தது. 80 பாகை என்றால் சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் நிற்கிறது. நிழலின் நீளத்தை அந்த 10 பாகையின் டேன் (tan) மதிப்பால் பெருக்குங்கள். 1,000 மீட்டர் நிழல் என்றால், நிழல்நுனி விழும் இடத்திலிருந்து விளிம்பு சுமார் 176 மீட்டர் உயரம். நிழல்நுனி பள்ளத்துத் தரையின் நடுப்பகுதிவரை வந்து விழும் படத்தையே தேர்ந்தெடுங்கள். சுவரிலேயே முடிந்தால் முழு ஆழம் கிடைக்காது.

படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் எத்தனை மீட்டர் என்பதையும் பாருங்கள். எல்.ஆர்.ஓ.வின் குறுங்கோணக் கேமரா 50 கி.மீ. உயரத்திலிருந்து அரை மீட்டர் வரை பிரித்துக் காட்டும். அகலக்கோணக் கேமராவில் ஒரு புள்ளியே சுமார் 100 மீட்டர். பின்னதில் பாறையைத் தேடுவது வீண்.

தென்துருவத்து ஷேக்கில்டன் போன்ற பள்ளங்களின் அடித்தளத்தில் வெயில் விழுவதே இல்லை. சாதாரணப் படத்தில் அந்தக் கருமையை எவ்வளவு வெளுக்க வைத்தாலும் அர்த்தமற்ற புள்ளிச் சிதறல்தான் மிஞ்சும். 2022இல் ஏவப்பட்ட கொரியாவின் தனுரி கலத்திலுள்ள ஷேடோகேம் கேமரா, சுற்றுச்சுவர்களிலிருந்து சிதறி விழும் மங்கலான ஒளியிலேயே அந்தத் தரையைப் படமெடுத்திருக்கிறது. இத்தகைய பள்ளங்களுக்கு அந்தப் படங்களைத் தேடுங்கள்.