சும்மா இருந்தாரா, மூடி மறைத்தாரா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் 1,55,000 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய டெரஸ் வீடு வாங்கினேன். விற்றவர் என் அப்பா வேலை செய்த தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். குடிவந்த நான்காம் மாதம் சமையலறை கேபினட்டை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கரையான். கூரைக் கட்டைகளிலும் ஏறியிருக்கிறதாம். பழுது பார்க்க 28,000 ரிங்கிட் கேட்கிறார்கள். விற்றவரோ "பார்த்துத்தானே வாங்கினாய்" என்கிறார். 10 ரிங்கிட் கட்டினால் நடுவர் மன்றத்திலேயே முடிந்துவிடும் என்கிறார் என் மச்சான். என்ன செய்யலாம்?

பதில்: மச்சான் சொன்னதில் 10 ரிங்கிட் மட்டும் சரி. வீடமைப்பு அமைச்சின் கீழ் உள்ள வீடு வாங்குவோர் நடுவர் மன்றம், உரிமம் பெற்ற மேம்பாட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கியவர்களுக்கானது. அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீலும் வேண்டாம். சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை நிறுவனமே சரி செய்து தர வேண்டும் என்ற விதியும் அவர்களுக்குத்தான். நீங்கள் ஒரு தனி மனிதரிடம் வாங்கியிருக்கிறீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றமும் நிலம், வீடு வாங்கிய தகராற்றைத் தொடாது. ஆகவே உங்களுக்குள்ள வழி 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சாதாரண நீதிமன்றமும்தான்.

அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரைக் கதை உண்டு. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லியும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பேச்சாகிவிடும். தெரிந்த குறையை முனைந்து மறைத்தால், கேள்விக்கே இடமில்லை, அது மோசடி. அதனால், "அவர் சொல்லவே இல்லை ஐயா" என்று நீங்கள் எத்தனை முறை அழுதாலும் வழக்கு நிற்காது. அவர் மறைத்தார், அல்லது பொய் சொன்னார் என்று காட்ட வேண்டும்.

காட்ட முடியும் என்றே நினைக்கிறேன். வீடு பார்க்கப் போன அன்று நீங்கள் எடுத்த படங்களில் பின்வாசல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரக் கதவுச் சட்டத்தின் அடியில் அரை அடி உயரத்துக்கு மட்டும் ஏதோ சாந்து அடைத்து, மேலே பழுப்புச் சாயம் பளபளவென்று அடித்திருக்கிறது. வீட்டில் வேறெங்கும் புதுச் சாயம் இல்லை. அதைவிட முக்கியம், நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலின் நடுவே கிடக்கும் இரண்டு வரி. "அண்ணே, கரையான் ஏதும் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். "அதெல்லாம் இல்ல தம்பி, தைரியமா வாங்கு" என்று வந்திருக்கிறது. இதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை! உங்கள் வழக்கே அந்த இரண்டு வரிதான். அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" வாங்கியதாக ஒரு விதி இருக்கிறது. அதைத்தான் அவர் பிடித்துத் தொங்குவார். ஓடு உடைந்திருந்தது, குழாய் ஒழுகியது என்பதற்கெல்லாம் அந்த விதி அவரைக் காப்பாற்றும். தன் மோசடிக்கு அதைக் குடையாகப் பிடிக்க முடியாது. "சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்ற வாதமும் வரும். 19-ஆவது பிரிவில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் சுவரில் பொருத்திய கேபினட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு யார் வீடு வாங்குகிறார்கள்? கூரைக் கட்டை விஷயம்தான் கொஞ்சம் இடிக்கிறது. அது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கவும் சட்டம் வழி விடுகிறது. நான் அதைச் சொல்ல மாட்டேன். கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) பெயர் மாறிவிட்டது, பேங்க் கடன் ஓடுகிறது, குறை தெரிந்த பிறகும் அங்கேயே குடியிருக்கிறீர்கள். நாள் ஆக ஆக, நீங்களே ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பழுதுச் செலவை இழப்பீடாகக் கேட்பதுதான் நடக்கிற காரியம். 5,000 ரிங்கிட் வரைதான் சிறு கோரிக்கை வழக்கு. உங்கள் தொகை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே 1,00,000 வரை கேட்கலாம். காலக்கெடு 6 ஆண்டு. அதற்காக ஆற அமர இருக்க வேண்டாம், கரையான் காத்திருக்காது.

கோபத்தில் பேங்க் தவணையை நிறுத்திவிடாதீர்கள். இந்தச் சண்டைக்கும் பேங்குக்கும் சம்பந்தமில்லை, வீடு லெலோங்குக்கு, அதாவது ஏலத்துக்குப் போய்விடும். அவர் படத்தை முகநூலில் போட்டால், அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போடுவார். கோயில் தலைவரை வைத்துப் பேசலாமா என்று கேட்டால், தாராளமாகப் பேசுங்கள். ஒரே தோட்டத்துக்காரர்கள், நீதிமன்றச் செலவு இருவருக்குமே மிச்சம். 18,000, 20,000 என்று இறங்கி வந்தால் யோசிக்காமல் ஒத்துக்கொள்வேன் நான். ஆனால் பேசி முடித்ததை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பணம் கைக்கு வரும் தேதியையும் அதில் போட வேண்டும். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பதெல்லாம் சமரசம் இல்லை.

பேச்சுக்கு முன் ஒரு வேலை. கொண்ட்ரெக்டரை உடனே கூப்பிட்டு இடித்துவிடாதீர்கள். இடித்தால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும். முதலில் உரிமம் உள்ள பூச்சி ஒழிப்பு நிறுவனத்திடம், சேதம் எத்தனை நாள் பழையது என்பது உட்பட, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அரித்த கதவுச் சட்டத்தைக் கழற்றினால் குப்பையில் போடாமல் வையுங்கள். அப்புறம், சுவரோரமாகத் தரையைக் கூர்ந்து பாருங்கள். அடிக்கு ஒன்றாகச் சின்னத் துளைகள் போட்டு சிமெண்டால் அடைத்த தடம் தெரிகிறதா? கரையானுக்கு மருந்து இறக்கினால் அப்படித்தான் துளை போடுவார்கள். இருந்தால் அவர் ஏற்கெனவே ஆள் வைத்து மருந்து அடித்திருக்கலாம். அடித்த நிறுவனத்திடம் ரசீது இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த வேன் நினைவிருக்கும். படம் எடுத்து அனுப்புங்கள், பேச்சு முறிந்தால் அவருக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும்.